பெரியபாளையம் 2005: தீர்ப்பு வந்துவிட்டது, தலைமறைவான மூவரின் வழக்கு என்ன ஆகும்?

செங்குன்றத்தான் | 25 நவம்பர் 2025, காலை 7.40

கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் கொலை வழக்கில் இருபது வருஷம் கழித்து மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை, ஒருவர் விடுதலை. செய்தியின் கடைசிப் பத்தியில் ஒற்றை வரி: பிணையில் போன மூன்று பெண்கள் தலைமறைவு. அதற்கு மேல் யாரும் எழுதவில்லை. அவர்கள் மீதான வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா? என் கணக்கில் அது செத்த வழக்கு. இல்லையென்று யாராவது காட்டுங்கள்.

பழையகட்டு | 25 நவம்பர், காலை 9.15

சாகவில்லை. காலாவதி என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468ஆவது பிரிவில் வருவது. மூன்று வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும்தான் அந்தக் கெடு. அதுவும் வழக்கை நீதிமன்றம் கோப்புக்கு எடுப்பதற்கான கெடு. எடுத்த பிறகு அந்தப் பேச்சே இல்லை. கூட்டுக்கொள்ளையோடு கொலை, அதாவது இந்திய தண்டனைச் சட்டம் (இ.த.ச.) 396, தூக்கு வரை போகிற பிரிவு. அதற்குக் கெடுவே கிடையாது.

பிடியாணையும் காலாவதி ஆகாது. அதே நடைமுறைச் சட்டத்தின் 70(2) பாருங்கள்: கொடுத்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரை, அல்லது நிறைவேற்றப்படும் வரை அது உயிரோடு இருக்கும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்று சிலர் நினைப்பது தவறு. நடைமுறையில் வாய்தாவுக்கு வாய்தா புதிதாக எழுதி அனுப்புவது, பழைய தாள் எந்த ஸ்டேஷன் அலமாரியில் போய் அடங்கியது என்று தெரியாததால்தான்.

பழையகட்டு | 25 நவம்பர், இரவு 10.05

காலையில் அவசரத்தில் விட்டது. வழக்கை ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சு தறிகெட்டுப் போகும்.

2005 ஜனவரி 9. பெரியபாளையம் அருகே தானாகுளம் வீட்டில் கதவை உடைத்துப் புகுந்த வட மாநிலக் கும்பல் சுதர்சனத்தைச் சுட்டுக் கொன்றது, வீட்டில் இருந்தவர்களைத் தாக்கியது, நகைகளை அள்ளிக்கொண்டு போனது. ஸ்டேஷன் பேச்சில் இதற்குப் பெயர் ஆதாயக்கொலை. வடக்கு மண்டல ஐ.ஜி. எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையில் தனிப்படை போட்டார்கள். அதற்கு முன்பே நெடுஞ்சாலையோர வீடுகளில் இதே தோரணையில் பல சம்பவங்கள் நடந்திருந்தன. லாரியில் வந்து இறங்குவார்கள், இரும்புக் கம்பியால் அடிப்பார்கள், விடிவதற்குள் அடுத்த மாநில எல்லையைத் தாண்டிவிடுவார்கள். கைதானவர்களில் கும்பல் தலைவன் உட்பட இருவர் வழக்கு நடக்கும்போதே இறந்தார்கள். மூன்று பெண்கள் பிணையில் போனவர்கள் வரவில்லை. மிச்சம் நான்கு பேர் மீதுதான் விசாரணை நடந்து, 2025 நவம்பரில் மூவருக்குத் தண்டனை, ஒருவருக்கு விடுதலை.

இறந்தவர் மீதான வழக்கு அற்றுப்போகும். இறப்புச் சான்றை ஸ்டேஷன் தாக்கல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஓடியவர் மீதான வழக்கு அற்றுப்போகாது, பிரிந்துபோகும். நடைமுறைச் சட்டம் 317(2)இல் நீதிமன்றம் அவரை மட்டும் தனியே கழற்றி வேறு எண் கொடுத்துவிட்டு மற்றவர்களோடு மேலே போகும். பிரித்த வழக்கு என்பார்கள். அதுவும் நகராமல் கிடந்தால் எல்.பி.சி. பதிவேட்டுக்குப் போகும், நீண்டகால நிலுவை. அங்கே போனது முடிந்தது என்று அர்த்தமில்லை. யாரும் தூசி தட்டுவதில்லை என்று மட்டும் அர்த்தம்.

ஆவடி செல்வி | 26 நவம்பர்

ஒரு சந்தேகம். கூட்டுக்கொள்ளை என்றால் ஐந்து பேராவது வேண்டும் அல்லவா? தண்டனை மூன்று பேருக்குத்தானே?

பழையகட்டு | 26 நவம்பர்

பிடிபட்டவர் எண்ணிக்கை முக்கியமில்லை, பங்கெடுத்தவர் எண்ணிக்கைதான் முக்கியம். ஐந்து பேருக்குக் குறையாமல் சேர்ந்து செய்தார்கள் என்று நிரூபித்தால் போதும். செத்தவர், ஓடியவர், அடையாளமே தெரியாதவர் எல்லோரையும் சேர்த்து எண்ணலாம். ஆனால் ஒன்று: பெயர் சொல்லி நிறுத்தப்பட்டவர் ‘இவர் அந்தக் கூட்டத்தில் இல்லவே இல்லை’ என்று விடுதலையானால் அந்தத் தலையைக் கழித்துவிட வேண்டும். குற்றப்பத்திரிகையில் ‘மற்றும் அடையாளம் தெரியாத சிலர்’ என்று எழுதாமல் விட்ட வழக்குகள் இந்த இடத்தில்தான் சறுக்கும். ஐந்து பேர் பெயரை எழுதி, அதில் ஒருவர் விடுதலையானால் 396 போய்விடும். அப்புறம் கொலைக்கும் கொள்ளைக்கும் தனித்தனிப் பிரிவைப் பிடித்துத் தொங்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் 396இல் உண்டு. ஐவரில் ஒருவர் கொன்றால் போதும், ஐவரும் அதற்குப் பொறுப்பு. வெளியே லாரியில் காத்திருந்தவர் ‘நான் ஆளையே தொடவில்லை’ என்று சொல்லித் தப்ப முடியாது. ஓடுகிறவர்கள் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செங்குன்றத்தான் | 28 நவம்பர்

சரி, உயிரோடு இருக்கிறது. ஆனால் புதுச் சட்டத்தில் ஆள் இல்லாமலே விசாரித்துத் தண்டனை கொடுக்கலாம் என்று படித்தேன். அப்படியானால் ஏன் காத்திருக்க வேண்டும்?

பழையகட்டு | 28 நவம்பர்

ஆம், பி.என்.எஸ்.எஸ்., அதாவது புதிய நடைமுறைச் சட்டம், 356ஆவது பிரிவு. படிகள் இவை. முதலில் அவர் 84இன்படி பிரகடனக் குற்றவாளியாக (ஆஜராகச் சொல்லிப் பகிரங்கமாக அறிவித்தும் வராதவராக) அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்து குறைந்தது 30 நாள் இடைவெளியில் இரண்டு பிடியாணைகள். கடைசியாகத் தெரிந்த முகவரிப் பக்கம் விற்கிற நாளிதழில் விளம்பரம், அதில் 30 நாள் கெடு. உறவினருக்கோ நண்பருக்கோ தகவல். வீட்டுச் சுவரிலும் ஸ்டேஷன் பலகையிலும் ஒட்டல். குற்றச்சாட்டு வனைந்து 90 நாள் ஆன பிறகுதான் விசாரணையைத் தொடங்கலாம். வக்கீல் இல்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல். தண்டனை விழுந்தால், ஆள் நேரில் வந்து நிற்காமல் மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பு தேதியிலிருந்து மூன்று வருஷம் தாண்டினால் வந்து நின்றாலும் கிடையாது.

ஆகவே இந்த மூவருக்கும் வழி இருக்கிறது.

பழையகட்டு | 29 நவம்பர், காலை 6.20

நேற்று எழுதியதில் கடைசி வரியை அழித்துப் படியுங்கள். அதே புதுச் சட்டத்தின் 531(2)(ஏ) நினைவுக்கு வராமல் எழுதிவிட்டேன். 2024 ஜூலை 1க்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணை பழைய நடைமுறைச் சட்டப்படியேதான் முடிய வேண்டும். 2005ஆம் வருஷ வழக்கில் பிரித்துவைத்த துண்டு அன்றைக்கு நிலுவையில் இருந்ததுதான். பழைய சட்டத்தில் ஆளில்லா விசாரணை கிடையாது. இருப்பது 299 மட்டும். அதற்கு வருகிறேன், அதுதான் இந்த இழையின் முதுகெலும்பு.

பழையகட்டு | 2 டிசம்பர்

299 என்ன செய்கிறது? ஓடியவர் இல்லாதபோதே சாட்சிகளை விசாரித்து வாக்குமூலத்தை எழுதி வைக்கலாம். பிற்பாடு அவர் பிடிபடும்போது சாட்சி செத்துப்போயிருந்தாலோ, சாட்சி சொல்ல இயலாத நிலையில் இருந்தாலோ, ஆளே கிடைக்காவிட்டாலோ, வரவழைக்க அநியாயத் தாமதமும் செலவும் ஆகுமென்றாலோ, எழுதி வைத்ததை அவருக்கு எதிராகப் படிக்கலாம். தண்டனை கொடுக்க முடியாது. சாட்சியத்தைக் கெடாமல் பாதுகாக்கிறது, அவ்வளவே.

நிபந்தனை இரண்டு. ஒன்று, ஆள் தலைமறைவு என்று நிரூபிக்க வேண்டும். இரண்டு, உடனே பிடிபடும் வாய்ப்பு இல்லை என்றும் நிரூபிக்க வேண்டும். இரண்டையும் நீதிமன்றம் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பிடியாணையைக் கொண்டுபோன காவலர் கூண்டேறி, எந்தத் தேதியில் எந்த ஊருக்குப் போனார், யாரை விசாரித்தார், வீடு பூட்டியிருந்ததா இடிந்திருந்ததா என்று சொல்ல வேண்டும். ‘ஆள் இல்லை’ என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிய பிடியாணை இதற்கு உதவாது.

தவறு எங்கே நடக்கிறது என்றால், பெரும்பாலும் யாரும் மனு போடுவதில்லை. முதன்மை வழக்கில்தான் எல்லாச் சாட்சியும் வந்து சொல்கிறார்களே, அதையே பின்னால் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. எடுத்துக்கொள்ள முடியாது. சாட்சியச் சட்டம் 33, குறுக்கு விசாரணை செய்யும் உரிமை இருந்தவருக்கு எதிராக மட்டுமே பழைய வாக்குமூலத்தை அனுமதிக்கிறது. ஓடியவருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 299 ஒன்றுதான் அதற்கு விலக்கு. அந்த உத்தரவு கோப்பில் இல்லையென்றால் விலக்கும் இல்லை.

2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதையே அழுத்திச் சொன்னது. அது தமிழ்நாட்டுச் சுங்கத்துறை வழக்கு, கொலையில்லை. ஒருவர் ஓடியதால் விசாரணை இரண்டாகப் பிரிந்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் ஒரு விசாரணையின் சாட்சியத்தைக் கொண்டே இரண்டையும் முடித்துவிட்டது. ஒரு விசாரணையின் சாட்சியம் இன்னொரு விசாரணைக்குள் நுழையாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

ஆகையால் நாளைக்கே ஒருவர் பிடிபட்டாலும், நேரில் பார்த்த சாட்சி, மகஜர் (பொருளைக் கைப்பற்றிய குறிப்பு) சாட்சி, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், ரேகை நிபுணர் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து வந்து சொல்ல வேண்டும். 2005இல் 55 வயதில் கையெழுத்துப் போட்ட மகஜர் சாட்சிக்கு இப்போது 75.

சுழிரேகை | 3 டிசம்பர்

பழையகட்டு அண்ணன் சட்டத்தைச் சொல்லிவிட்டார். ரேகைப் பக்கம் நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வழக்குக்குத் துப்பே ரேகைதான்.

சம்பவ இடத்து ரேகையை முதலில் அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும், பிறகுதான் பொடி. வெளிர் பரப்பில் கறுப்புப் பொடி, இருண்ட பரப்பில் சாம்பல் நிறப் பொடி. எடுத்து டேப்பில் ஒட்டி அட்டையில் பதித்து, எந்தப் பொருளில் எந்தப் பக்கம் என்று குறிப்பு எழுத வேண்டும். பீரோ கதவின் வெளிப்புறம் கிடைத்ததா உட்புறமா என்பது பிற்பாடு பெரிய கேள்வியாக நிற்கும். உட்புறமென்றால், ‘ஜவுளி விற்க வந்தபோது தொட்டேன்’ என்ற கதை எடுபடாது. காகிதமென்றால் நின்ஹைட்ரின், ஊதா நிறத்தில் எழும்.

இதே ரேகை இன்னொரு மாவட்டத்துச் சம்பவத்திலும் இருந்தால் ‘ஒரே கை’ என்று தெரியும். யாருடைய கை என்று தெரியாது. அதற்கு அவர் எங்காவது, எப்போதாவது கைதாகிப் பத்து விரலும் பதித்திருக்க வேண்டும். 2005இல் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனிப் பெட்டி. நம்முடைய கணினி வட மாநிலச் சீட்டைப் பார்க்காது. ஆளைப் பெட்டியோடு அனுப்பித் தாள் தாளாகப் புரட்ட வேண்டும். இப்போது நாஃபிஸ், 2022இல் தொடங்கியது. தேசம் முழுக்க ஒரே கிடங்கு, ஆளுக்கு ஒரு 10 இலக்க எண்.

ஆனால் கணினி ஆளைச் சொல்லாது, ஒத்த மாதிரி இருப்பவர்களின் பட்டியலைத்தான் கொடுக்கும். முடிவு சொல்வது மனிதக் கண். ரேகை எங்கே முடிகிறது, எங்கே கிளைக்கிறது, எங்கே தீவு என்று ஒவ்வொன்றாக எண்ணி, வழக்கமாக எட்டுப் புள்ளியாவது ஒத்து, ஒத்துப்போகாத புள்ளி ஒன்றுகூட இல்லாமல் இருந்தால்தான் கையெழுத்து. எட்டு என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை, பழக்கம்தான்.

சுழிரேகை | 3 டிசம்பர், மாலை

விட்டுப்போனது: தலைமறைவானவர் விஷயத்தில் வேலை இதற்கு நேரெதிர். ரேகை நம் கையில் இருக்கிறது, ஆள் இல்லை. கைதான அன்று எடுத்த பத்துவிரல் சீட்டு நாஃபிஸில் ஏறியிருந்தால், அவர் வேறு பெயரில் வேறு மாநிலத்தில் சின்னத் திருட்டுக்குப் பிடிபட்டால்கூட மணி அடிக்கும். ஏறியிருந்தால்.

2005 சீட்டு மையில் உருட்டியது. மை கூடிப்போனால் ரேகைக்கு நடுவே இருக்கிற பள்ளம் அடைத்துக்கொள்ளும், குறைந்தால் விட்டுவிட்டுப் பதியும். செங்கல் சூளை, சுண்ணாம்பு, கல் உடைப்பு என்று வேலை பார்த்தவர் விரலில் ரேகையே தேய்ந்திருக்கும். வலது இடது மாறிப் பதித்த சீட்டும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கத்தான் கீழே நான்கு விரலையும் சேர்த்து ஒரு நேர்ப்பதிவு வாங்குவது, உருட்டியதோடு ஒத்திட்டுப் பார்க்க. அந்தக் கீழ்ப்பகுதியைக் காலியாக விட்ட சீட்டைப் பார்த்தாலே தலைவலி. ஸ்கேன் அங்குலத்துக்கு 500 புள்ளிக்குக் (பி.பி.ஐ.) குறைந்தால் திருப்பி அனுப்பிவிடும்.

எனவே பிரித்த வழக்கைத் தூசி தட்டுகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை, சீட்டு ஏறியிருக்கிறதா, என்ன தரத்தில் ஏறியிருக்கிறது என்று விரல் ரேகைப் பிரிவுக்கு ஒரு கடிதம்.

ஆவடி செல்வி | 4 டிசம்பர்

ஆதாரில் போட்டுத் தேடினால் ஒரு நிமிஷத்தில் முடியாதா? நாட்டில் எல்லோருடைய ரேகையும் அங்கேதானே இருக்கிறது.

பழையகட்டு | 4 டிசம்பர்

முடியாது. ஆதார் சட்டம் 29: விரல் ரேகை, கண் கருவிழிப் பதிவு எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் தரப்படாது. 33இல் உயர் நீதிமன்ற நீதிபதியின் உத்தரவு பெற்றால் முகவரி போன்ற அடையாளத் தகவல் கிடைக்கலாம், ரேகை அப்போதும் இல்லை. 2014இல் கோவா வழக்கு ஒன்றில் சம்பவ இட ரேகையை ஒத்துப் பார்க்கக் கேட்டதை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது, சட்டம் வருவதற்கும் முன்பே. முகவரி வேண்டுமானால் ஆளுடைய பெயராவது எண்ணாவது தெரிய வேண்டும். ஓடுகிறவர் பழைய பெயரிலா ஆதார் எடுப்பார்?

சுழிரேகை | 4 டிசம்பர்

அதோடு ஆதார் அமைப்பு ‘இவர் இவர்தானா’ என்று பார்க்கச் செய்தது. பொடி தூவி எடுத்த பாதி விரலை வைத்துக்கொண்டு ‘இது யார்’ என்று நூறு கோடிக்கு மேல் உள்ள கூட்டத்தில் தேடுவது வேறு வேலை. தவறான பொருத்தம் குவியும்.

பழையகட்டு | 9 டிசம்பர்

பிடியாணை ஏன் திரும்பி வருகிறது என்று கேட்டுத் தனியே செய்தி அனுப்பியிருக்கிறார் ஒருவர். பெரும்பாலும் முகவரியால். வெளிமாநில ஆளின் பெயரையும் ஊரையும் இங்கே தமிழில் எழுதுகிறோம். இந்தியில் ka, kha, ga, gha என்று நான்கு ஓசை, நமக்கு ஒரே ‘க’. அதைப் பார்த்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போது ஊர் வேறாகிவிடும். அதை வைத்து அங்கே போய்த் தேடினால் அப்படியொரு கிராமமே இல்லை என்பார்கள். தவறில்லை, உண்மையிலேயே இருக்காது. முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, பிணைப் பத்திரம் மூன்றிலும் ஊர்ப்பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதித் துப்பு துலங்கும். தாலுகா, ஸ்டேஷன், மாவட்டம் இந்தியிலேயே எழுதி வாங்கியிருந்தால் இன்னும் நல்லது.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல். ‘க/பெ’ போட்டுக் கணவன் பெயரால் பதிந்திருப்பார்கள். கணவன் செத்து அல்லது பிரிந்து வேறு வீட்டுக்குப் போனால் அந்த அடையாளமே கரைந்துவிடும். பிறந்த வீட்டு ஊர், தகப்பன் பெயர், அண்ணன் தம்பி பெயர் எழுதாமல் விட்ட கைதுக் குறிப்பு இருபது வருஷம் கழித்து வெற்றுத்தாள்.

பழையகட்டு | 9 டிசம்பர், இரவு

ஜாமீன்தாரரை மறந்தே போனேன். பிணையில் போனவர் வரவில்லை என்றால் பழைய நடைமுறைச் சட்டம் 446இல் பத்திரம் பறிமுதல், ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ், தொகையை அபராதம் போல வசூல். கட்டாவிட்டால் ஆறு மாதம் வரை சிவில் சிறை. நடப்பது என்ன? பத்தாயிரமோ இருபத்தைந்தாயிரமோ கட்டிவிட்டு அவர் போய்விடுவார், கோப்பிலும் ‘தொகை வசூல்’ என்று முடித்துவிடுவார்கள். அவரை யார் அழைத்து வந்தார், எந்த வக்கீல் குமாஸ்தா ஏற்பாடு, எந்தக் கைப்பேசி எண்ணிலிருந்து பேசினார்கள் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். அதுதான் ஓடியவரோடு கடைசியாக இருந்த கயிறு. சொத்து வரி ரசீதும் வி.ஏ.ஓ. சான்றும் போலி என்று பிறகு தெரிந்தால் கயிறும் இல்லை.

ஒரு பார்வையாளர் | 10 டிசம்பர்

எதற்கு இவ்வளவு? அந்தக் கூட்டத்து ஊரையே வளைத்து எல்லோரையும் தூக்கினால் மூன்று பேரும் வெளியே வந்துவிடுவார்கள். பரம்பரைத் தொழில் அவர்களுக்கு.

பழையகட்டு | 10 டிசம்பர்

இதை நம் ஊரிலேயே செய்து பார்த்துவிட்டார்கள் ஐயா. 1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் சனம் அதற்கு வைத்த பெயரே ரேகைச் சட்டம். ஆண்பிள்ளைகள் எல்லோரும் கைநாட்டு வைத்துவிட்டு இரவில் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்தவர்களைச் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் போனது. பழக்கம் போகவில்லை என்பதற்கு உங்கள் பதிவே சாட்சி.

வழக்குக்கும் இது உதவாது. சாட்சியச் சட்டம் 54, எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், கெட்ட நடத்தையைப் பேசவே விடாது. ஊரை வளைத்தால் அதே பெயருள்ள ஐந்து பெண்கள் கிடைப்பார்கள், அதில் ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்தினால் ரேகை ஒத்துப்போகாது, உண்மையான ஆள் அடுத்த மாவட்டத்துக்கு நகர்ந்திருப்பார்.

சுழிரேகை | 10 டிசம்பர்

வேடிக்கை என்னவென்றால், ரேகை அறிவியலுக்கும் இந்த மண்தான் தொட்டில். உலகத்தின் முதல் ரேகைப் பிரிவு 1897இல் கல்கத்தாவில். ரேகையை வகைப்படுத்தும் முறைக்கு ஹென்றி முறை என்று துரை பெயர் போட்டாலும் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் அஜீசுல் ஹக்கும் ஹேமச்சந்திர போசும். அதே மை, பெருங்காமநல்லூரில் எல்லோருக்கும் தடவப்பட்டது. ஒருவரை விடுவிக்கவும் அதே மைதான்.

செங்குன்றத்தான் | 14 டிசம்பர்

அவர்கள் செத்தே போயிருந்தால்? ஏழு வருஷம் காணாதவர் இறந்ததாகக் கொள்ளலாமே.

பழையகட்டு | 14 டிசம்பர்

சாட்சியச் சட்டம் 108 சொல்வது, இயல்பாகச் செய்தி அறியக்கூடியவர்களுக்கு ஏழு வருஷமாகச் செய்தியே இல்லாவிட்டால் என்று. ஓடுகிறவர் விஷயத்தில் வீட்டாருக்குச் செய்தி இருக்கும், நமக்குச் சொல்ல மாட்டார்கள். அதனால் அந்த ஊகத்தை வைத்துக் கொலை வழக்கை மூடுவதில்லை. இறப்புச் சான்று வேண்டும்.

ஆனால் நீங்கள் கேட்டது வீண் கேள்வியில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா, சாக்சன்பர்க். 1980 டிசம்பர் 4 அன்று அவ்வூர்ப் போலீஸ் தலைவர் கிரெகரி ஆடம்ஸ் கொல்லப்பட்டார். தேடப்பட்டவர் டொனால்ட் வெப், நகைத்திருட்டே தொழிலாகக் கொண்டவர். எஃப்.பி.ஐ.யின் அதிகம் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் 1981 முதல் 2007 வரை கிட்டத்தட்ட 26 வருஷம் இருந்தார். கடைசியில் 2017இல் மாசசூசெட்ஸ் டார்ட்மவுத்தில் அவருடைய மனைவியின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் எலும்பைத் தோண்டி எடுத்தார்கள். 1999இலேயே இறந்துவிட்டார். வீட்டுக்குள் மறைவறை இருந்தது. மனைவிக்கு, வழக்குப் போட மாட்டோம் என்ற பாதுகாப்பு கொடுத்த பிறகுதான் வாய் திறந்தார். அதாவது கடைசிப் பல வருஷம் செத்தவரைத் தேடினார்கள். ஆளை உலகமெல்லாம் தேடும்போது சொந்த வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்க மறந்த கதை.

நம் ஊரில் இதற்குச் சமமான வேலை சாதாரணமானது: ஊராட்சி இறப்புப் பதிவேடு, ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், வாக்காளர் பட்டியலில் நீக்கம், விதவை ஓய்வூதியப் பட்டியல். ஒரு நாள் வேலை.

ஆவடி செல்வி | 20 டிசம்பர்

பிடித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே சொதப்பும்?

பழையகட்டு | 21 டிசம்பர்

கைதிலேயே. பெண்ணை சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து முதல் வகுப்பு நடுவரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். கிராமத்தில் விடியற்காலை நான்கு மணிக்குப் போவதுதான் வசதி என்று தனிப்படைகள் போகும், அங்கேயே முதல் ஓட்டை. உள்ளூர் ஸ்டேஷன் நாட்குறிப்பில் வந்ததை எழுத வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ ஒரு சாட்சிக் கையெழுத்து.

பிடியாணை மாவட்டத்துக்கு வெளியே நிறைவேறினால், கொடுத்த நீதிமன்றம் 30 கி.மீ.க்குள் இல்லாத பட்சத்தில், அங்குள்ள நிர்வாக நடுவர் அல்லது எஸ்.பி. முன்பு நிறுத்தி, ஆள் இவர்தான் என்று திருப்தி ஏற்பட்ட பிறகே கொண்டுவர முடியும். இந்த ‘இவர்தான்’ என்பதற்குக் கையோடு ரேகை நகல் கொண்டுபோக வேண்டும். 2005 புகைப்படம் மட்டும் போதாது. இருபது வருஷத்தில் முகம் போய்விடும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன்பு. ரயில் டிக்கெட்டைக் கோப்பில் வைக்கவும், பிற்பாடு நேரக் கணக்கு கேட்பார்கள்.

வந்த பிறகு முதல் மனு ‘சம்பவத்தன்று எனக்கு 17 வயது’ என்று வரும். சிறார் நீதிச் சட்டத்தில் இதை எந்தக் கட்டத்திலும் கிளப்பலாம், தண்டனை உறுதியான பிறகுகூட. பள்ளிச் சான்று, இல்லாவிட்டால் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை. நாற்பது வயதுக்காரருக்கு எலும்பைப் படம் பிடித்து அன்றைக்கு 17ஆ 19ஆ என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. ஆகவே முதல் கைதில் பதிந்த வயதும் மருத்துவக் குறிப்பும் பத்திரமாக இருக்க வேண்டும்.

அடையாள அணிவகுப்பு இப்போது நடத்தினால் பயனில்லை. 2005இல் நடத்தியிருந்தால் அந்த அறிக்கைதான் பிடிமானம்.

பழையகட்டு | 21 டிசம்பர், பின்குறிப்பு

ஓடியதற்கே தனித் தண்டனை உண்டு: இ.த.ச. 229ஏ, பிணையை மீறியதற்கு ஒரு வருஷம் வரை. 174ஏ, பிரகடனத்துக்கு வராததற்கு மூன்று வருஷம் வரை, நடைமுறைச் சட்டம் 82(4)இல் பிரகடனக் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டவருக்கு ஏழு வருஷம் வரை. இரண்டும் 2006 ஜூனில்தான் அமலுக்கு வந்தன. அதற்கு முன் ஓடியவர் மேல் ஓடிய தேதிக்குப் போட முடியாது. 174ஏ தனிக் குற்றம், பிரகடனம் பின்னால் விலக்கப்பட்டாலும் நிற்கும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

செங்குன்றத்தான் | 4 ஜனவரி 2026

செத்த வழக்கு என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். படுத்த படுக்கை என்று மாற்றிக்கொள்ளலாமா?

பழையகட்டு | 5 ஜனவரி

மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விஷயம் அவசரமானது, மற்றதெல்லாம் ஆறப்போடலாம். முதன்மை வழக்குத் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் வழக்குச் சொத்து பற்றி ஒரு பத்தி இருக்கும். ‘மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பயனற்றவற்றை அழிக்கவும்’ என்பது வழக்கமான வாசகம். தலைமறைவு எதிரிகள் இருக்கிற வழக்கில் ‘பிரித்த வழக்கு முடியும் வரை பாதுகாக்கவும்’ என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் போனால் சொத்தறைக் குமாஸ்தா முதல் வாசகத்தின்படி குண்டு, கம்பி, ரேகை அட்டை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அழித்துவிடுவார், அவர் மேல் தவறும் இல்லை. அரசு வக்கீல் ஒரு மனு போட்டால் அந்த வரியைச் சேர்த்துவிடலாம்.

சுழிரேகை | 5 ஜனவரி

ரேகை அட்டையை மூட்டையில் சேர்க்காமல் தனி உறையில், காகித உறையில். பிளாஸ்டிக்கில் போட்டால் சென்னை ஈரத்துக்கு டேப்பின் பசை இளகி ரேகை நகரும். மூல அட்டையின் நெகட்டிவ் விரல் ரேகைப் பிரிவில் தனியே இருக்கும், அதன் எண்ணையும் அந்த மனுவிலேயே எழுதிவிடச் சொல்லுங்கள்.